நின்று காட்டும் நாய்

வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைக்கு மாமனாரிடம் மரியாதை கிடைப்பது குதிரைக் கொம்பு. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த நம் ஆளுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையில் அவர் ராஜா. ஊர்ப் பெரிய மனிதர்கள்கூட அவர் சொன்னால் தாடையை நிமிர்த்துவார்கள், இடது கண்ணை மூடுவார்கள், கடைசி வரி எழுத்தைத் திக்கித் திணறிப் படிப்பார்கள். கடையைப் பூட்டி வீட்டுப் படியேறியதும் ராஜாங்கம் முடிந்துவிடும்.

"கண்ணாடிக்காரரே, அந்த மோட்டாரைப் போடுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் அவரை ஒரு தடவைகூட மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. அதைக் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. வெட்கத்தை விட்டு யாரிடம் சொல்வது?

மாமனார் வேட்டைக் கழகத்தின் தலைவர். அவர் சொல்லும் கதைகளைக் கேட்டால் காட்டில் இன்னும் உயிரினங்கள் மிச்சமிருப்பதே அதிசயமாகத் தோன்றும். போன வருஷம் நெஞ்சுவலி வந்ததிலிருந்து டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தையும் கறி வறுவலையும் நிறுத்திவிட்டார். டாக்டர் சொன்னது கடுகளவு. மாமியார் நடைமுறைப்படுத்தியது மலையளவு. வேகவைத்த காய்கறியைப் பார்த்து மாமனார் விடும் பெருமூச்சு மாடிவரை கேட்கும்.

பழைய வேட்டை நாய் கிழடாகிச் செத்துப்போயிருந்தது. வேட்டைப் பருவம் நெருங்கவே, நாய்ப் பண்ணைக்குப் போய்வரும் வேலை கண்ணாடிக்காரர் தலையில் விழுந்தது.

"பாயுற நாயாப் பாருங்க. கண்ணுல வெறி இருக்கணும். வாயில நுரை தள்ளணும்."

நுரை தள்ளினால் அது வேறு வியாதி மாமா என்று நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு அவர் கிளம்பினார்.

பண்ணைக்காரம்மா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று ஜாதி நாய்களை வெளியே விட்டார். முதலாவது மோப்பம் பிடித்துத் துரத்துகிற ஜாதி. ஊரையே எழுப்பும் குரலில் ஊளையிட்டபடி வந்து மார்பில் பாய்ந்ததில், கண்ணாடிக்காரரின் கண்ணாடி பறந்து போய்ப் புல்லுக்குள் விழுந்தது. இரண்டாவது, விழுந்ததை எடுத்து வருகிற ஜாதி. ஓடிப்போய்க் கண்ணாடியைக் கவ்வி வந்து அவர் கையில் வைத்தது. எச்சில் இருந்ததே தவிர ஒரு கீறல் இல்லை. தன் கடைப் பையன்கள்கூட இவ்வளவு பதமாகக் கண்ணாடியைத் தொட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மூன்றாவது, வெள்ளை உடம்பில் ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் விழுந்த பெட்டை. அது வேலியோரம் போய்த் திடீரென்று நின்றுவிட்டது. முன்னங்கால் ஒன்றை மடக்கித் தூக்கி, வாலை நேராக நீட்டி, மூக்கைப் புதர்ப் பக்கம் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

"அதுக்கு என்ன ஆச்சு?"

"வேலை பாக்குது. புதருக்குள்ள பறவை இருக்கு. இது கண்டுபிடிச்சு நின்னு காட்டும். குரைக்காது, பாயாது. மிச்சத்தை நாமதான் பாத்துக்கணும்" என்றார் பண்ணைக்காரம்மா. "நாய் யாருக்கு? உங்களுக்கா, அனுப்பினவருக்கா?"

"அவருக்குத்தான். ஆனா சோறு போடப்போறது நான்."

"அப்ப உங்களுக்குத்தான். வீட்ல நீங்க எப்படி?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். "எல்லாம் கண்ணுல படும். ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பண்ணைக்காரம்மா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "பொருத்தம்னா இதுல்ல பொருத்தம்! ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. இது நின்னா நீங்க போய்ப் பக்கத்துல நிக்கணும். நம்பாம விட்டுட்டா, நாளடைவுல நிக்கறதையே விட்டுடும். முதல் வேட்டைவரைக்கும் வச்சுப் பாருங்க. சரிப்படலேன்னா கொண்டாந்து விட்டுடுங்க."

வீட்டில் மனைவி அந்தக் கண் வளையத்தைப் பார்த்ததும் 'லென்ஸ்' என்று பேர் வைத்தாள். மாமனார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கூடத்தில் நாலடி நடந்த லென்ஸ் சட்டென்று நின்று காலைத் தூக்கியது.

"போச்சுடா! நொண்டி நாயை இவர் தலையில கட்டிட்டாங்க!"

நாற்பது வருஷ வேட்டைக்காரர் பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வாங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாயின் பாதத்தில் முள் தேடினார். நாய் அவரைச் சட்டை செய்யவே இல்லை. அவர் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. எதைப் பார்க்கிறது என்று திரும்பிப் பார்த்தவர் கையிலிருந்து டார்ச் நழுவி உருண்டது. செருப்பு அலமாரி.

அன்றிலிருந்து, சாயங்காலம் மாமனார் நடைப்பயிற்சி முடித்து வந்ததும் லென்ஸ் அலமாரி முன்னால் போய் நிற்கும். மாமனார் "சீ, போ!" என்று விரட்டுவார். ஒரு நாள் கூடத்தில் யாரும் இல்லாதபோது, பண்ணைக்காரம்மா சொன்னதை நினைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் நாயின் பக்கத்தில் போய் நின்றார். பிறகு அலமாரியைத் திறந்தார். பழைய வேட்டை பூட்ஸின் இடது காலுக்குள் அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலம். உள்ளே மொறுமொறுவென்று வறுத்த கோழித்தொடை இரண்டு.

பறவை எந்த நிலைமையில் இருந்தாலும் லென்ஸுக்குப் பறவைதான். அவர் பொட்டலத்தை இருந்தபடியே வைத்து, கதவைச் சாத்திவிட்டு, "நல்ல வேலை" என்று அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். வழக்கம்போல் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த நாய் மேல் அவருக்குப் பிரியம் விழுந்துவிட்டது. கடை முடிந்து வந்து கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கே எழுந்து ஓடிவரும். அந்த வீட்டில் அவர் வந்ததற்காக எழுந்த முதல் ஜீவன் அதுதான். மனைவி நல்லவள்தான், ஆனால் டிவியிலிருந்து தலையை மட்டும்தான் திருப்புவாள்.

மாமனார் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். "முதல் வேட்டையில ஒழுங்கா வேலை செய்யலேன்னா பண்ணைக்கே போயிடணும். ஆமா!" உண்மையில் அவருக்குப் பயம் அது வேலை செய்யாது என்பதல்ல. அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்பதுதான்.

வேட்டை நாளில் பனி விலகுவதற்குள் கழகத்தார் புல்வெளியில் கூடிவிட்டார்கள். லென்ஸ் இடமும் வலமுமாக ஓடி, ஒரு முள்புதர் முன்னால் நின்றது. கால் மடங்கியது, வால் நீண்டது.

"மாமா, நிக்குது."

"நிக்கறதுக்கா கூட்டிட்டு வந்தோம்? ஓடச் சொல்லுங்க!" என்றபடி மாமனார் புதரை மிதித்துக்கொண்டு நுழைந்தார். காலடியிலிருந்து ஏழெட்டு கௌதாரிகள் படபடவென்று கிளம்பியதில், கதைகளில் சிறுத்தையையே முறைத்தவர் "ஐயோ!" என்று சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கழகத்தின் பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் துப்பாக்கியைத் தூக்கவே மறந்துபோனார். பறவைகள் க்ஷேமமாகப் போய்ச் சேர்ந்தன.

அத்தோடு விட்டதா? லென்ஸ் திரும்பி வந்து, சேற்றிலிருந்து எழுந்துகொண்டிருந்த தலைவருக்கு எதிரே நின்று, அவர் கோட்டுப் பையைப் பார்த்துக் காலைத் தூக்கியது.

"தலைவரே, உங்களையே இல்ல காட்டுது!" என்றார் பல் டாக்டர்.

"மனுஷனுக்கும் கௌதாரிக்கும் வித்தியாசம் தெரியாத நாய்!" மாமனாரின் முகம் ரத்தமாகச் சிவந்தது. "நாளைக்கே திருப்பி அனுப்பிடணும்."

வீட்டுக்கு வந்ததும் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் சமையலறை வாசலில் கை துடைத்தபடி நின்றார். கண்ணாடிக்காரர் கையிலிருந்த சங்கிலி லேசாக இழுபட்டது. லென்ஸ் கோட்டுக்கு எதிரே போய் நின்றுவிட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் நாய் தப்பிக்கும். ஆனால் மாமனார் மானம் கப்பலேறிவிடும். சொல்லாவிட்டால் நாளைக்கு நாய் இல்லை. எத்தனையோ வருஷமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற மனிதர், இந்த நாயும் இப்படித்தான் ஒரு நாள் நிற்பதை விட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டார். போய் நாயின் பக்கத்தில் நின்றார்.

"நல்ல வேலை" என்று அதன் தலையைத் தடவினார். பிறகு கோட்டுப் பையின் மேல் கையை வைத்தார்.

"மாப்ள!"

அந்தச் சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனாரே தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அரண்டு போயிருந்தார்.

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கோட்டு சேறா இருக்கு மாமா. மாடியில கொண்டுபோய் நானே துவைச்சுப் போட்டுடறேன்" என்று அதை ஆணியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டார். "நாயைப் பத்தி என்ன சொன்னீங்க?"

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "நல்ல ஜாதி. இருக்கட்டும். நம்ம மாப்ள பாத்து எடுத்ததாச்சே."

கோட்டோடு மாடிப்படி ஏறியவரை மாமியாரின் குரல் நிறுத்தியது.

"மாப்பிள்ளை, துவைக்கறதுக்கு முன்னாடி பையில இருக்கற பொட்டலத்தை எடுத்துடுங்க. போன தடவை பூட்ஸ் பூரா எறும்பு."

மாமியார் குனிந்து லென்ஸின் காதைச் சொறிந்துவிட்டார். "இவ்வளவு நாளா இந்த வேலையை நான் ஒண்டியாப் பாத்துட்டிருந்தேன். இனிமே துணைக்கு ஆள் வந்தாச்சு" என்றபடி வேகவைத்த பீன்ஸை இறக்கப் போனார்.