வீட்டுக்குள் இருப்பவனுக்கு என்ன பாடம்?

சனிக்கிழமை மூன்று மணி ஆனால் ஆண்டர்சன்பேட்டை மாதாகோயில் ஹாலிலிருந்து பெண்கள் கத்தும் சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். முதல் வாரம் ஜனங்கள் பதறிப்போய் ஓடி வந்தார்கள். பிறகு பழகிவிட்டது. "ஐடா சிஸ்டர் கிளாஸ் நடக்குது" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைக் கவனித்தார்கள்.

அறுபத்தேழாம் வருஷம் அது. கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கிற ஸ்கெலட்டனுக்கு வருகிற குறுக்குவழி, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டை ஒட்டிப் போகும். அந்தக் கோடையில் மட்டும் அந்த வழியில் மூன்று பெண்களைக் கையைப் பிடித்து இழுத்திருந்தார்கள். மூவருக்கும் மருந்து வைத்துக் கட்டியவள் நர்ஸ் ஐடா. மூன்றாவது பெண்ணை வீட்டுக்கு அனுப்பிய கையோடு பாதிரியாரிடம் போய், பெண்களுக்குத் தற்காப்புச் சொல்லித்தர ஹால் சாவியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

ஐடாவுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் கொர்னேலியஸ் ஒரு காலத்தில் பெயர் பெற்ற குத்துச்சண்டைக்காரன். அவன் குத்திப் பழகுவதற்காக எதிரே தலையணையைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் நின்றவள் அவள். அடி எங்கிருந்து கிளம்பும், எப்போது விலக வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் அவள் உடம்பில் ஏறியது. கற்றதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக்கி வைத்திருந்தாள். அவள் சொல்லச் சொல்லப் பதினோரு பெண்களும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"முதல்ல குரலு, அப்புறம் காலு, கடைசியாத்தான் கை!"

"ஜெயிக்க வரல, பத்திரமா வீடு போய்ச் சேர வந்திருக்கோம்!"

"பயம் வந்தா பக்கத்துல நிக்கட்டும், முன்னாடி நிக்க வுடாதே!"

இதில் எல்லாவற்றையும் தப்பில்லாமல் ஒப்பித்தவள் கங்கம்மா. ஸ்கெலட்டன் லைனிலிருந்து வருகிறவள். ஒல்லியான உடம்பு, இரண்டு பிள்ளைகள், புருஷன் தாமோதரன் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலைக்காரன். அவளுக்குக் கால் வேகமாக வந்தது, கையும் வந்தது. குரல் மட்டும் வரவே இல்லை. ஆறாவது சனிக்கிழமையும் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

"இன்னொரு தடவை" என்றாள் ஐடா.

காற்று.

"இன்னொரு தடவை!"

கங்கம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. ஐடாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை அதிகம், பொறுமை போய்விட்டது.

"குரலே வராதவளுக்குக் கை எதுக்கும்மா? போய் ஓரமா உக்காரு."

இரண்டு பேர் சிரித்தார்கள். கங்கம்மா போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பியபிறகு அவள் மட்டும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஐடா சாவியை எடுத்ததும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டா? வீடு போய்ச் சேரணும்னு சொல்றீங்களே. வீட்டுக்குள்ளயே கீறவனுக்கு இன்னா பாடம்?"

ஐடா திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இந்த முகத்தை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை குழாயடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போனாள். இன்னொரு தடவை அதே குழாயடி, விலா எலும்பு. இரண்டு தடவையும் சீட்டில் எழுதியது ஐடாவின் கைதான்.

"பெரியவங்கள வெச்சுப் பேசிப் பாக்கலாமே" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு சொத்தையான பதில் என்று அவளுக்கே தெரிந்தது.

"பேசினாங்க சிஸ்டர். பேசிட்டு அவங்க தெருமுனை தாண்டல, அதுக்குள்ள எனக்குப் பூசை."

"நீ ஏன் கத்தறதில்ல? பக்கத்து வீட்ல ஆள் இல்லியா?"

"கத்தினா புள்ளைங்களுக்குத் தெரிஞ்சிடும். சின்னது பயந்துகினு மூச்சே வுடாது, ஒடம்பு நீலமா பூடும். அதுக்காகவே பல்லக் கடிச்சிக்கினு பழகினேன். எட்டு வருஷமா கத்தாம இருக்கப் பழகினவ, நீங்க கத்துன்னு சொன்னதும் எப்பிடி சிஸ்டர் கத்துவேன்?"

பாய்களை மூலையில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நேராக ஸ்கெலட்டனுக்குப் போனாள். கங்கம்மாவின் பக்கத்து வீட்டுச் சம்பங்கியும் வகுப்புக்கு வருகிறவள்தான். முந்தின நாள் சிரித்தவர்களில் ஒருத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவே மண் பூசிய ஒரே ஒரு மூங்கில் தட்டி. ஐடா குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னதும் சம்பங்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும் சிஸ்டர்."

"எத்தினி நாளா?"

"இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து. அவ சத்தமே கேக்காது. பாத்திரம் மட்டும் வுழும். அப்புறம் ஒண்ணும் கேக்காது. அந்த ஒண்ணும் கேக்காம இருக்கறதுதான்..." அவள் முடிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு, நமக்கு இன்னாத்துக்கு அடுத்தவன் குடும்ப விஷயம்னாரு. நானும் கம்முனு இருந்துட்டேன்."

ஐடா தட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அவளுக்குக் கத்த வராது. உனக்கு வரும். பாத்திரம் விழுந்தா நீ கத்து. லைன்ல நம்ம கிளாஸுக்கு வர்ற மத்தவங்க கிட்டயும் சொல்லிடு. உன் சத்தம் கேட்டதும் எல்லாரும் வரணும்."

"அவன் மரம் பிளக்கற கோடாலி வெச்சிருக்கான் சிஸ்டர். கதவாண்டயே மாட்டி வெச்சிருக்கான்."

"தெரியும்" என்றாள் ஐடா. உண்மையில் அது அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமையிலிருந்து அவள் டூட்டி முடிந்ததும் சம்பங்கியின் வீட்டுக்கு வந்தாள். இரண்டு மணிக்குச் சங்கு ஊதும், முதல் ஷிஃப்ட் வெளியே வரும். இரண்டே முக்காலுக்குத் தாமோதரனின் செருப்புச் சத்தம் லைனுக்குள் நுழையும். திங்கட்கிழமை அவன் மகளோடு விளையாடிச் சிரித்தது தட்டி வழியாகக் கேட்டது. செவ்வாய்க்கிழமை குளித்தான், சாப்பிட்டான், தூங்கினான். நாம்தான் அதிகமாகக் கற்பனை செய்துவிட்டோமோ என்றுகூட ஐடாவுக்குத் தோன்றியது.

புதன்கிழமை அவன் வரும்போதே ஏதோ மாறியிருந்தது. செருப்பைக் கழற்றிய சத்தம் இல்லை. கதவைத் தாழ் போட்ட சத்தம் கேட்டது.

சம்பங்கி அடுப்பிலிருந்து எழுந்து வந்து ஐடாவின் பக்கத்தில் நின்றாள். தட்டியின் அந்தப் பக்கம் அவன் பேசினான். மெல்லிய குரல். வார்த்தைகள் பாதிதான் புரிந்தன.

"...சனிக்கெழமைல எங்க போற? ...சண்டை கத்துக்கினு வரியாமே... எங்க, எனக்குக் காட்டு பாக்கலாம்..."

ஒரு டம்ளர் உருண்டது. அப்புறம் நிசப்தம். ஐடா தட்டியில் காதை வைத்தாள். அப்புறம் குடம் விழுந்தது, முழுக் குடம். தண்ணீர் கொட்டிய சத்தத்தோடு.

சம்பங்கி வாயைத் திறந்தாள். வரவில்லை. ஐடாவைப் பார்த்தாள். ஐடாவும் வாயைத் திறந்தாள். நூற்றுக்கணக்கான தடவை மற்றவர்களைக் கத்த வைத்த அந்தத் தொண்டையிலிருந்து ஒரு முனகல்கூடக் கிளம்பவில்லை. கால்கள் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. பயம் பக்கத்தில் எல்லாம் நிற்கவில்லை. நேர் எதிரே, மூக்குக்கு முன்னால் நின்றது.

இரண்டாவதாக இன்னொன்று விழுந்தது. அது பாத்திரத்தின் சத்தமாக இல்லை.

"அடேய் தாமோதரா!" என்று சம்பங்கி அலறினாள். "கதவத் தெறடா! பாவி, கதவத் தெறடா!"

அந்தக் குரல் கேட்டதும் ஐடாவின் கால்கள் விடுபட்டன. இருவரும் வெளியே ஓடினார்கள். எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி கையில் கரண்டியோடு வந்தாள். கோடி வீட்டிலிருந்து இன்னொருத்தி, ஈரத் துணியோடு ஒருத்தி. சற்று நேரத்தில் எட்டு ஒன்பது பெண்கள் கதவின் முன்னால் கத்திக்கொண்டு நின்றார்கள்.

கதவு திறந்தது. தாமோதரன் ஷிஃப்ட் உடுப்போடுதான் நின்றான்.

"இன்னா சிஸ்டர்? இன்னாத்துக்குக் கூட்டம்? குடம் கை தவறி வுழுந்திச்சு. அதுக்கா?"

அவன் தோளுக்கு மேலாக ஐடா எட்டிப் பார்த்தாள். கங்கம்மா தண்ணீருக்குள் உட்கார்ந்து இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். பெரியவள் தம்பியின் முகத்தைத் தன் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றாள்.

"கங்கம்மா, வெளிய வா" என்றாள் ஐடா.

"அவ எங்கயும் வரமாட்டா." அவன் கையை நீட்டிக் கதவு நிலையில் குறுக்காக ஊன்றினான். "போங்க சிஸ்டர். மரியாதையா சொல்றேன், போய்டுங்க."

அந்தக் கை மடங்கும் இடத்தில் எங்கே அடித்தால் விழுவான் என்பது ஐடாவுக்குத் தெரியும். ஆனால் அடித்தால் இன்றோடு போகாது. இன்று விழுகிறவன் நாளை எழுந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அந்த அடிக்கும் சேர்த்துக் கங்கம்மாவிடம் பதில் வாங்குவான். அவள் கையைத் தூக்கவில்லை. நகரவும் இல்லை. அவனுடைய பார்வை பக்கவாட்டில் போயிற்று. கோடாலி அங்கேதான் மாட்டியிருந்தது. மெதுவாக மறு கையை நீட்டி அதை எடுத்தான்.

கத்திக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப் போனார்கள். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டியது. ஒருத்தர் பின்வாங்கினாலும் போதும், மொத்தக் கூட்டமும் கலைந்துவிடும் என்று ஐடாவுக்குப் புரிந்தது. என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் சொல்லிக்கொடுத்த எதிலும் இதற்கு வழி இல்லை.

அப்போது சம்பங்கி குனிந்தாள். நிலையில் ஊன்றியிருந்த அவன் கைக்கு அடியில் புகுந்து, உள்ளே போய், தண்ணீரில் கங்கம்மாவுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய்!" என்று அவன் திரும்பினான். திரும்பிய இடைவெளியில் கரண்டிக்காரி நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் ஈரத் துணிக்காரி. யாரும் அவனைத் தொடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொருத்தியாகக் குனிந்து நுழைந்தார்கள். அந்தப் பத்தடி வீடு பெண்களால் நிறைந்தது. கடைசியாக ஐடா போனாள். குனியும்போது கோடாலியின் தகடு அவள் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

தாமோதரன் தன் வீட்டு வாசலில் கோடாலியோடு நின்றான். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஐடாவைத் தவிர இருந்தவர்கள் எல்லாரும் அவனோடு ஒரே கேஜில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களின் பெண்டாட்டிகள். தெருவில் ஆண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். "கீழ போட்ரா அத்த" என்று யாரோ சொன்னார்கள். இரண்டாம் தடவை சொன்னபோது போட்டான்.

பெண்கள் கங்கம்மாவையும் பிள்ளைகளையும் நடுவில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். "இப்ப போனா போனவதான்" என்றான் அவன். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். சீட்டு எழுதும்போது இந்த முறை ஐடா யாரையும் கேட்கவில்லை. 'கணவன் அடித்தது' என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை கோரமண்டல் ஸ்டேஷனில் கங்கம்மாவையும் பிள்ளைகளையும் பங்காருப்பேட்டை ரயிலில் ஏற்றிவிடப் போனாள். அங்கிருந்து வேறு வண்டி மாறி, குடியாத்தத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். ரயில் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஐடா தவித்தாள்.

"கங்கம்மா, அன்னிக்கு ஹால்ல உன்ன அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாது. அன்னிக்கு எனக்கே குரல் வரல, தெரியுமா? சம்பங்கிதான் கத்தினா."

கங்கம்மா நல்ல காதை அவள் பக்கம் திருப்பினாள். "தெரியும் சிஸ்டர், சொன்னா." சின்னவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "எனக்கு அங்க போயும் பயம்தான். அவன் வருவான்."

"வருவான்" என்று ஐடா ஒப்புக்கொண்டாள். "உங்க அண்ணன் வீட்டுத் தெருவுல பொம்பளைங்க இருப்பாங்க இல்ல? போன மொத நாளே எல்லார்கிட்டயும் சொல்லிடு. மறைக்காதே."

அவன் போகத்தான் செய்தான், இரண்டு தடவை. தெருவே கூடி நின்றதால் திரும்பி வந்தான். கங்கம்மா அங்கே பீடி சுற்றப் போனாள். இடது காது கடைசிவரை கேட்கவில்லை.

தாமோதரன் பாதிரியாரிடம் போய், நர்ஸம்மா குடும்பத்தைக் கெடுக்கிறாள் என்று அழுதான். பதினைந்தே நாளில் ஹால் சாவியைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. ஐடா கொடுத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை ஸ்கெலட்டன் லைனுக்குப் பின்னால், குழாயடி மைதானத்தில் வகுப்பு நடந்தது. பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தாள்; இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள்.

ஐடா முன்னால் நின்று எல்லாரையும் பார்த்தாள். வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்கள் எதையும் அன்று தொடங்கவில்லை.

"மொதல்ல," என்றாள், "பக்கத்துல நிக்கறவ எந்த வீடுன்னு கேட்டுத் தெரிஞ்சிக்கங்க."