எடை கேட்காத ஏலம்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் முஜீபின் செல்போன் கடை. திரை உடைந்த போனைக் கொடுத்துவிட்டு ஒருவர் காத்திருந்தார். முஜீப் அவர் போனைப் பார்க்கவில்லை. தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்லைனில் 1939ஆம் வருட வெள்ளி ரூபாய் ஒன்றின் ஏலம் முடியப்போகிற நேரம்.

"பாய், டிஸ்ப்ளே மாத்துவியா, நான் வேற கடைக்கு போவட்டா?"

"இருண்ணே, ஒரே நிமிஷம். முடிஞ்சிடும்."

விற்பவர் அம்பத்தூர் பரந்தாமன். முஜீபைப் போலப் பழைய காசு சேகரிக்கும் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் தலைவர். பெயருக்கு முன்னால் 'காசியல் பேரறிஞர்' என்று போட்டுக்கொள்வார். பட்டம் கொடுத்த சங்கத்துக்கும் அவரே தலைவர் என்பதால் அதில் தாமதம் ஏதும் ஏற்படவில்லை. விற்கிற காசோடு 'அசல்' என்று ஒரு சான்றிதழும் தருவார். அதில் காசின் படம் தபால்தலை அளவு, அவர் படம் உள்ளங்கை அளவு.

ஏலப் பக்கத்தில் காசிலுள்ள ராஜாவின் தலை மட்டும் இருந்தது. பின்பக்கப் படம் இல்லை, விளிம்பு இல்லை, எடை இல்லை. முஜீபும் கேட்கவில்லை. பேரறிஞரிடம் எடை கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தான்.

பதினெட்டாயிரத்துக்கு ஏலம் அவனுக்கு முடிந்தது. உடனே பரந்தாமனிடமிருந்து போன். குழுவில் "முன்னோர் புழங்கிய செல்வங்களைப் பேணுவோம்" என்று முழங்குகிறவர் போனில் வேறு ஆள்.

"தம்பி, சைட்ல கட்டினா கமிஷன் புடிச்சிக்குவான். நேரா என் நம்பருக்கு போட்டுடு. ஆயிரம் கொறைச்சிக்கிறேன். நமக்குள்ள இன்னா?"

ஆயிரம் மிச்சம் என்று முஜீப் மகிழ்ந்தான். மீதிப் பதினேழாயிரம் போகிற வழியை அவன் யோசிக்கவில்லை.

காசு வந்தது. அக்கா ரைஹானா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். அவள் வெண்ணெய் நிறுக்கும் தராசில் ஆசையாக வைத்தான். பதினொன்றரை கிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, ஒன்பதில் நின்றது. தட்டைத் துடைத்து மறுபடி வைத்தான். ஒன்பதேதான். விளிம்பைச் சுற்றி, இரண்டு பாதிகளை ஒட்டியதுபோல் மெல்லிய கோடு. அசலைப் போல அடித்துச் செய்யாமல், அச்சில் வார்த்த போலி.

"இன்னாடா, மூஞ்சி இப்டி தொங்கிப் போச்சு?"

"சர்டிபிகேட் கீதேக்கா..."

"யாரு குட்தது?"

"வித்தவருதான்."

"மாப்ளையே 'நான் ரொம்ப நல்லவன்'னு எழுதிக் குட்டா, பொண்ணு ஊட்ல அத்த நம்பிடுவாங்களா?"

வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை என்று ஏலத் தளம் கைவிரித்தது. பரந்தாமன் கொஞ்சமும் அசரவில்லை.

"தராசு கோளாறா இருக்கும் தம்பி. சரி, புட்ச்சா வெச்சிக்கோ, இல்லாட்டி சர்டிபிகேட்டோட வேற யார் தலைலயாவது கட்டிடு. நானும் அத்தத்தானே பண்ணேன்?"

பேரறிஞர் கொடுத்ததில் அசலாக இருந்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

முஜீப் சில நாள் புழுங்கினான். பிறகு, ராஜாவின் தலை மட்டும் தெரியப் படம் எடுத்து, அதே தளத்தில் காசை ஏலத்துக்கு விட்டான். ஏமாந்ததும் நான், நட்டமும் எனக்கா என்பது அவன் நியாயம். அந்த நியாயம் அவனுக்கே முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் விட்டான்.

ஏலம் எடுத்தது திவ்யா. கொரட்டூரில் கல்லூரிக்குப் போகிற பெண், குழுவில் புதிது. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் என்று அவளே குழுவில் பெருமையாகப் போட்டிருந்தாள். அன்றே அழைத்தாள்.

"அண்ணா, சைட்ல கட்டணுமா, நேரா உங்களுக்கே போட்டுடவா? கமிஷன் மிச்சமில்ல?"

'போட்டுடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன பணம் திரும்பிவிடும். முஜீபின் வாயில் வேறு ஏதோ வந்தது.

"நீ எடையே கேக்கலியேம்மா?"

"நீங்கதானண்ணா விக்கிறீங்க. உங்ககிட்ட போய் அதெல்லாம் கேட்டா நல்லாவா இருக்கும்?"

பரந்தாமனிடம் எடை கேட்காதபோது தான் நினைத்ததையே அந்தப் பெண் பேசுவதுபோல் இருந்தது.

"அனுப்பாத திவ்யா. அது டூப்பு."

"தெரிஞ்சேவா ஏலத்துல விட்டீங்க?"

"தெரிஞ்சேதான்."

அவள் அடுத்துக் கேட்டாள்: "போன மாசம் உங்ககிட்ட வாங்குன காலணா?"

அதுவும் பரந்தாமனிடம் வாங்கியதுதான். அசலா என்று முஜீபுக்குத் தெரியாது. அன்றைக்கும் அவன் நிறுத்துப் பார்க்கவில்லை.

"அதையும் நிறுத்துப் பாரு. போலின்னா துட்டத் திருப்பிக் குட்துடறேன்," என்றான். "இனிமே யார் வித்தாலும் ரெண்டு பக்கமும் விளிம்பும் போட்டோ கேளு. எடை கேளு. கேட்டதுக்கு கோச்சிக்கினா, அவன்கிட்ட வாங்காத. சைட்டுக்கு வெளிய ஒரு பைசா கட்டாத. ஆளை நம்பி வாங்காதம்மா, காயினைப் பாத்து வாங்கு. நான் ஆளை நம்பி மோசம் போனேன். அதோட நிக்கல, நீ நம்பக்கூடாத ஆளாவும் ஆயிட்டேன்."