படம் 7.3-இன் நான்காவது செயற்கைக்கோள்

படம் 7.3-இல் பூமியைச் சுற்றி மூன்று பாதைகள் இருந்தன. செயற்கைக்கோள்கள் நான்கு இருந்தன. பதினோரு வருடங்களாக இதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

எடிட்டர் கடிதக் கட்டை அவள் மேஜையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார். அந்தப் பாடநூல் பதிப்பகத்தில் அவள்தான் ஓவியர். தவளையின் குடலிலிருந்து எரிமலையின் வயிறு வரை எல்லாம் அவள் கைவேலை.

"எட்டாம் வகுப்பு அறிவியல். புதுப் பதிப்புக்கு முன்னாடி இந்த ஒரு படத்தைத் தெளிவாக்கிடணும். டீச்சருங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க. மனசுல வச்சுக்காதீங்க."

படித்தாள். மனதில் வைத்துக்கொண்டாள். பூமி, தோலுரித்த வெங்காயம் போல இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதைகள் பூமிக்குப் பின்னால் மறையாமல் முன்னாலேயே ஓடுவதால், பூமி பெல்ட் மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பியது போலிருக்கிறது என்று இன்னொருவர். அம்புக்குறிகளில் இரண்டு இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் போகின்றன, காரணம் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று மூன்றாமவர். எது பாதை, எது பெயரைச் சுட்டும் கோடு என்றே புரியவில்லை என்று பாக்கி எல்லோரும். கடைசிக் கடிதத்தில் மட்டும் ஒரு பாராட்டு இருந்தது: 'நான்காவது செயற்கைக்கோள் மிகவும் உயிரோட்டமாக உள்ளது. மற்ற மூன்றையும் அதேபோல் வரைந்தால் நலம்.'

"நானும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்," என்றார் எடிட்டர். "அந்த நாலாவதுல ஒரு கை தெரியுது. மத்ததெல்லாம் தீப்பெட்டிக்கு றெக்கை ஒட்டின மாதிரி இருக்கு. இது அப்படி இல்ல. பறக்குது."

"சரி சார்," என்றாள்.

நான்காவது, கொசு.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மதியம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் படத்தை அவள் கையால் வரைந்துகொண்டிருந்தாள். தாழ்ந்த பாதைக்கும் உயர்ந்த பாதைக்கும் நடுவில் கொசு வந்து உட்கார்ந்தது. கையிலிருந்த ரூலரால் அடித்தாள். அடி அவ்வளவு சுத்தமாக விழுந்தது. இரண்டு இறக்கைகளும் இரண்டு பக்கம் அளவெடுத்தது போல விரிந்தன. கால்கள் ஆண்டெனாக்களாக நீண்டன. மறுநாள் சுரண்டி எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் படம் ஸ்கேனுக்குப் போய், அச்சுக்கும் போய்விட்டது. மெய்ப்புத் தாளில் பார்த்தபோது சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் எடிட்டர், "இந்த நாலாவது பிரமாதம்," என்றார்.

வேலைக்குச் சேர்ந்து அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். பொய் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பேசாமை வருடத்துக்கு ஒரு பதிப்பு கண்டது. உள்ளே குத்தியது வேறொன்று. வாழ்நாளில் ஆயிரம் படம் வரைந்தவளின் கையில், எல்லோரும் ஒரே குரலில் மெச்சியது, அவள் வரையாத ஒன்றை.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று பதிப்புகளைத் தாண்டிய எதையும் சும்மா எடுத்துவிட முடியாது. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு படிவம் இருக்கும். அதில் 'நீக்குவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பி, வெளியிலிருந்து ஓர் ஆசிரியரின் கையெழுத்தும் வாங்கவேண்டும். எடிட்டர் படிவத்தையும் வைத்துவிட்டுப் போனார். அவள் அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். கணவனின் தங்கை, பக்கத்துத் தெருவில்தான் வீடு. பள்ளியில் பௌதிகம் எடுப்பவள், அதிலும் அண்ணி மகளின் வகுப்புக்கே. கோபத்தில் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மகள், குட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணவன், "ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு," என்று சொல்லிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்ற மொட்டைமாடிக்குப் போயிருந்தான். அங்கே இருந்தவை மூன்றே தொட்டிகள். அரைமணி நேரமாக ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, உங்க பொண்ணு எழுதியிருக்கிறதைப் பாருங்க," என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

வகுப்புத் தேர்வுத் தாள். கேள்வி: 'படம் 7.3-இல் நான்காவது செயற்கைக்கோளின் பணி யாது?' குட்டியின் பதில்: 'அதற்குப் பணி எதுவும் இல்லை. அது கொசு.' பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய முட்டை.

"பதினோரு வருஷமா நடத்தறேன். நாலாவது எந்தக் கோட்டுலயும் இல்ல, ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கு. ஏன்? தாழ்ந்த பாதையில இருந்து உயரப் பாதைக்கு மாறிக்கிட்டு இருக்கு. இப்படி யோசிச்சு சொல்லித்தர்ற டீச்சர் இந்த ஊர்ல நான் ஒருத்திதான். என் அண்ணி வரைஞ்ச படம்னு கிளாஸ்ல பெருமையா வேற சொல்லுவேன். இவ எழுந்து நின்னு கொசுங்கறா. கிளாஸே கொல்லுனு சிரிக்குது."

"லென்ஸ் வச்சுப் பாத்தேன் அத்தை. ஆறு கால் இருக்கு."

"அது ஆண்டெனா."

"ஒரு கால் மடங்கியிருக்கு."

"மடக்கற ஆண்டெனா. திங்கக்கிழமைக்குள்ள மன்னிப்புக் கடிதம் எழுதிட்டு வா. இல்லன்னா கிளாசுக்கு வெளியதான் நிப்ப. அத்தையாவது, ஆட்டுக்குட்டியாவது, பாக்க மாட்டேன்."

குட்டி அம்மாவைப் பார்த்தாள். அது கேட்கும் பார்வை இல்லை, நம்பும் பார்வை. படத்தை வரைந்தவளே எதிரில் நிற்கும்போது வேறு சாட்சி எதற்கு?

அவள் வாயைத் திறந்தாள். "அத்தை சொன்னா கேளு. எழுதிக் குடுத்துடு," என்ற வார்த்தைகள் வெளியே வந்தன. வந்தபிறகு அவையும் இன்னொருவருடைய கைவேலை போலத்தான் இருந்தன.

குட்டி உள்ளே போய் எழுத உட்கார்ந்தாள். சற்றுநேரம் கழித்து அம்மா எட்டிப் பார்த்தபோது தாளில் ஒரு வரி இருந்தது: 'அன்புள்ள அத்தை, கொசுவைக் கொசு என்று சொன்னதற்காக மிகவும் வருந்துகிறேன்.'

சிரிப்பு வந்தது. மெய்ப்புத் தாளைப் பார்த்த அன்று அவள் விழுங்கிய வாக்கியம் இது. பதின்மூன்று வயதுப் பெண், முட்டை வாங்கிய பிறகும், அதை எழுதிவிட்டாள். கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினாள். 'கொசு.'

"அந்தக் கடிதத்தைக் குடுக்காதே," என்றாள். "நாளைக்கு லென்ஸை எனக்குக் குடு."

மறுநாள் சனிக்கிழமை, பதிப்பகத்துக்கு அரைநாள். வெளி ஆசிரியர் கையெழுத்துக்கு என்று நாத்தனாரையே வரச்சொல்லி எடிட்டரிடம் கேட்டுக்கொண்டாள். நாத்தனார் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். படத்தைத் தெளிவாக்குவது பற்றித் தன் கருத்தைக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்து நான்கு பக்கம் எழுதிக்கொண்டும் வந்திருந்தாள். முதல் வரி, 'நான்காவதைத் தொடவே கூடாது.'

எடிட்டர் படிவத்தைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"கொசுத் தொல்லையா? ரூம்ல மருந்து அடிக்கச் சொல்றேன். ஆனா அதை இந்தக் கட்டத்துல எழுதக்கூடாதே."

"இல்ல சார். நாலாவது செயற்கைக்கோள்தான் கொசு. நான் வரையல. ரூலரால அடிச்சேன்."

அவள் பீரோவின் அடித்தட்டிலிருந்து அசல் தாளை எடுத்து மேஜைமேல் விரித்து, பக்கத்தில் லென்ஸை வைத்தாள். பதினோரு வருடக் கொசு பழுப்பேறி, ஆனால் சிறகு கலையாமல், அதே இடத்தில் மேல்நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

எடிட்டர் பார்த்தார். "ஐயையோ," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "ஆனாலும் நல்லாதான் இருக்கு," என்றார்.

நாத்தனார் லென்ஸை வாங்கி நெடுநேரம் குனிந்திருந்தாள். அவள் நிமிர்வதற்குள் ஓவியர், குடும்பத்தில் ஒரு வருடப் பேச்சுவார்த்தை போய்விட்டது என்று கணக்குப் போட்டாள். பாராட்டு போனது பற்றிய துக்கத்தைத் தேடிப் பார்த்தாள். எங்கேயோ வைத்து மறந்துவிட்டது போல, கிடைக்கவில்லை.

"பதினோரு பேட்ச்," என்றாள் நாத்தனார். "வருஷத்துக்கு நூத்திருபது பிள்ளைங்க. அத்தனை பேரும் எனக்குக் கொசு வரைஞ்சு காட்டியிருக்காங்க. நான் கால் ஒண்ணு குறைஞ்சா அரை மார்க் வெட்டியிருக்கேன்." மறுபடி குனிந்தாள். "ஆனா ஒண்ணு அண்ணி. தாழ்ந்த பாதையில இருந்து மேல போயிட்டிருக்குன்னு நான் சொன்னது தப்பில்ல. அது போயிட்டுதான் இருந்திருக்கும். நீங்கதான் அடிச்சுட்டீங்க."

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். நல்ல புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கொண்டுவந்த நான்கு பக்கத்தின் முதல் வரியை அடித்துவிட்டு, மீதியைப் படிக்க ஆரம்பித்தாள். அதில் உருப்படியான ஒன்று இருந்தது. கீழ்ப்பாதையிலிருந்து மேல்பாதைக்குப் போகும் செயற்கைக்கோள் நிஜமாகவே நீண்ட வளைவில்தான் போகும். அதைப் புள்ளிக்கோட்டால் காட்டிவிட்டால் நான்காவது இருக்கலாம். இந்த முறை காரணத்தோடு இருக்கலாம்.

அடுத்த வாரம் முழுக்க ஜன்னலைச் சாத்திவிட்டு வரைந்தாள். பூமியை இரண்டு சென்டிமீட்டர் உருண்டையாக வைத்து அளந்து பார்த்தால், தாழ்ந்த பாதையின் உயரம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பூமிக்குப் பூசிய பெயின்ட் போல ஒட்டிக்கொண்டது. உயரப் பாதையோ ஐந்தரை சென்டிமீட்டருக்கு அப்பால் நின்றது. அதனால் தூரத்தைப் பிள்ளைகள் நம்பிவிடாதபடி, 'தூரங்கள் அளவுப்படி இல்லை' என்று கீழே எழுதினாள். பூமிக்குப் பின்னால் போகும் கோடுகளை மறைத்தாள். பெல்ட் கழன்றது. அம்புகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. பெயர்களைப் பாதைகளின் மேலேயே வளைத்து எழுதினாள். சுட்டும் கோடுகளுக்கு வேலை இல்லாமல் போனது.

குட்டியிடம் காட்டினாள். குட்டி லென்ஸோடு வந்தாள்.

"இந்தப் புள்ளிக்கோடு?"

"நீயே சொல்லு."

"கீழ இருந்து மேல போற வழி." நான்காவதன் கால்களை எண்ணப் பார்த்தாள். இல்லை. "சரிம்மா. இது செயற்கைக்கோள்தான்."

தேர்வுத் தாளும் திரும்பி வந்தது. முட்டைக்கு மேல் கோடு போட்டு, அரை மார்க் என்று எழுதியிருந்தது. மீதி அரை மார்க் ஏன் இல்லை என்று குட்டி சண்டைக்குப் போனாள். கேள்வி பணியைப் பற்றியது, கொசுவின் பணி என்ன என்று நீ விளக்கவில்லையே என்றாளாம் அத்தை.

புதிய படத்தை எடிட்டர் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பார்த்தார். பெட்டி உடல், இரண்டு பக்கமும் பலகை, நேரான ஓர் ஆண்டெனா.

"ரொம்பத் தெளிவா இருக்கு. யாருக்கும் புரியும்," என்றார். இன்னும் ஏதோ நெஞ்சில் நின்றது. "ஆனா எது எப்படியோ, அந்தப் பழசுல இருந்த கை வேறதான்மா."

"ஆமா சார்," என்றாள் அவள். "அது ரூலர்."