கட்டிலில் மட்டும் நிப்பிள்

தஹ்சீனுக்கு இரண்டு வயது முடிந்ததும் டாக்டர் அவள் வாயைத் திறந்து பார்த்தார். "முன்பல் லேசா தூக்க ஆரம்பிச்சிருக்கு. இனிமே தூங்கும்போது மட்டும் நிப்பிள் குடுங்க. நாள் முழுக்க வாயில அதை வச்சிருந்தா பேச்சு எப்படி வரும்?" என்றார்.

அன்றே ரூபீனா வீட்டில் சட்டம் போட்டாள். நிப்பிள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. வேண்டுமானால் கட்டிலுக்குப் போய்ச் சப்பலாம்; இறங்கும்போது தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வர வேண்டும். முதல் நாள் தஹ்சீன் ஓயாமல் அழுதாள். பிறகு அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. விளையாட்டுக்கு நடுவில் எழுந்து போவாள், கட்டிலில் ஏறிக் கொஞ்ச நேரம் சப்புவாள், பெருமூச்சு விட்டு இறங்கி வருவாள். வேலைக்கு நடுவே டீ குடிக்கப் போய் வருகிற ஆள் மாதிரி இருக்கும்.

சட்டத்தை மீறியது அவளுடைய அத்தா ஷாஹுல் ஹமீதுதான். லஸ்ஸில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் அவனுக்கு வேலை. மகள் உதட்டைப் பிதுக்கினாலே போதும், கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். ரூபீனாவுக்குத் தெரியாமல் அங்கே இன்னொரு நிப்பிள் வைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியர் பயிற்சிக்காக ரூபீனா கோபாலபுரத்துப் பள்ளிக்குப் போய்விட்டாள். ஷாஹுல் மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு மீன் வாங்க நொச்சிக்குப்பம் போனான். அவள் வாயில் நிப்பிள்.

மீன் விற்ற அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "இன்னா நைனா, கொயந்த வாய்க்குப் பூட்டு போட்டு இட்டாந்துகீற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஷாஹுலுக்கு வெட்கமாகிவிட்டது. நிப்பிளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். தஹ்சீன் வீறிட்டாள். மீனைச் சுத்தம் செய்து தர நேரமாகும் என்றார்கள். அழுகிற பிள்ளையோடு நிற்க முடியாமல், கெளுத்தியை முள்கூட வெட்டாமல் அப்படியே வாங்கிக்கொண்டு கிளம்பினான். அபிராமபுரம் வரும்வரை அவள் அழுகை ஓயவில்லை. அவனும் இந்தத் தடவை பைக்குள் கை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகக் கட்டிலுக்கு ஓடினாள். அவன் சமையலறையில் மீனோடு உட்கார்ந்தான். பழக்கமில்லாத கை வழுக்கியது. கெளுத்தி முள் கட்டைவிரலில் ஆழமாக ஏறிவிட்டது.

"யா அல்லாஹ்!"

விரலை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

தஹ்சீன் வாசற்படியில் வந்து நின்றாள். அத்தா அழுது அவள் பார்த்ததே இல்லை. அவள் உதடும் பிதுங்கியது. சட்டென்று தன் வாயிலிருந்த நிப்பிளைப் பிடுங்கி அவன் வாய்க்குள் திணித்தாள்.

"அத்தா அயாத. பீப்பி சப்பு."

அதுவரை ஒற்றை ஒற்றைச் சொல்லாகத்தான் பேசியிருக்கிறாள். ஷாஹுலுக்கு வலி மறந்தே போயிற்று. துப்ப மனம் வராமல் வாயில் வைத்தபடியே இருந்தான். அவள் அவன் தலையைத் தட்டிக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து ரூபீனா உள்ளே வந்தாள். "என்னங்க இது கோலம்?"

"ஷ்ஷ்! அத்தா வலி" என்று மகள் அதட்டினாள்.

ரூபீனா சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் விரலைக் கவனித்தாள். பதறிப்போய்ச் சுடுதண்ணீர் வைத்து, பொறுக்கிற சூட்டில் கையை முக்க வைத்தாள்.

"சட்டைப் பையில இன்னொண்ணு இருக்கு. எடுத்துரு" என்றான் அவன் மெதுவாக.

"தெரியும். துணி துவைக்கும்போதே பாத்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் காதைச் செல்லமாகத் திருகினாள்.

மறுநாளிலிருந்து தஹ்சீனுக்கு ஓய்வே இல்லை. பக்கத்து வீட்டுக் கீர்த்தி, காய்கறி வண்டிக்காரர் என்று யார் கிடைத்தாலும், "மீன் குத்து. அத்தா அயுதா!" என்று நடித்துக் காட்டினாள். பேச வாய் வேண்டியிருந்ததால் பகலில் கட்டிலுக்குப் போவது குறைந்தது. படுக்கும்போதும் கதை சொல்வதற்காக நிப்பிளை எடுத்து எடுத்து வைப்பாள். ஒருநாள் வாயில் வைக்காமலேயே தூங்கிப்போனாள்.

இப்போதெல்லாம் மத்தியானமானால் அம்மாவின் ஃபோனிலிருந்து கடைக்குக் கூப்பிடுகிறாள். காக்கா வந்தது, காக்கா போனது, சாதம் கீழே கொட்டியது. வாடிக்கையாளர் ஒரு ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, ஷாஹுல் "உம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.