ஆம்ப்புக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜைக்கு இன்னும் ஐம்பத்தேழு மணி நேரம் இருந்தது. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி நாகஜோதி அதைக் கணக்குப் போட்டாள். இப்போது வியாழக்கிழமை காலை எட்டு மணி. சனிக்கிழமை மாலை ஐந்துக்குக் கம்பெனியில் பூஜை. அதற்குள் இரண்டு காரியம் ஆக வேண்டும். கம்பெனிப் பாட்டுக் குழுவுக்கு, கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் புது ஆம்ப் வாங்க வேண்டும். மூக்கம்மாள் ஊருக்குப் போகாமல் பூஜைக்கு நிற்க வேண்டும். முதலாவதற்குக் கோயமுத்தூர் போய் வந்தால் போதும். இரண்டாவதற்கு நாகஜோதி வாயைத் திறந்தாக வேண்டும்.

மூக்கம்மாள் பக்கத்து சீட்டில்தான் மடியில் தூக்குப்போணியோடு உட்கார்ந்திருந்தாள். இருவரும் மண்ணரையில் ஒரே லைன் வீட்டில் குடியிருப்பவர்கள். இரண்டு குடும்பமும் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவை. பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த பனியன் கம்பெனியில் மூக்கம்மாளுக்கு மெஷின் துடைக்கிற வேலை. நாகஜோதிக்கு லேப். பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, துணியை வட்டமாக வெட்டி எடை பார்ப்பாள். துவைத்தால் சாயம் போகிறதா, அயர்ன் போட்டால் சுருங்குகிறதா என்று பார்ப்பாள்.

சனிக்கிழமை மெஷினையெல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டு, பூஜைக்கு நிற்காமல் ஆறு மணி பஸ்ஸில் ஊருக்குப் போகப் போவதாக மூக்கம்மாள் சொன்னாள். பூஜை முடிந்து போகலாமே அத்தை என்று நாகஜோதி மெல்லக் கேட்டாள்.

"நா எதுக்குத்தா அங்க? என் கை பட்டா கரண்டே செத்துப்போகுதாம்ல. நேத்து ஃபேன் சுவிச்சத் தொடப் போறேன், மூக்கம்மா வாரா, மெயின அமத்துங்கங்கிறானுக."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்குகிற இடம் வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பதினோரு வருஷம் ஆயுத பூஜையன்று முதல் பொட்டு மூக்கம்மாள் கையால்தான். மாவிலையில் தண்ணீர் தொட்டு ஒரு தெளி, பிறகு சந்தனம், அதன் நடுவே குங்குமம். கட்டிங் மேசையில் தொடங்கி ஓவர்லாக் மெஷின்கள், அயர்ன் பாக்ஸ், ஜெனரேட்டர், வாசலில் நிற்கும் வேன் வரை ஒன்றையும் விடமாட்டாள். முதலாளி ஆறுச்சாமிக்கு அந்தக் கைமேல் அவ்வளவு நம்பிக்கை. அவள் பொட்டு வைத்த முதல் வருஷம்தான் கம்பெனிக்கு முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர் வந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

போன வருஷம் பாட்டுக் குழுவின் ஆம்ப்புக்கும் பொட்டு வைத்தாள். பத்து நிமிஷத்தில் அது புகைந்தது. முன்பக்கத் துணியில் அவள் தெளித்த தண்ணீர் இன்னும் காயாமல் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பின்பக்கம் யாரும் பார்க்கவில்லை. ஆறுச்சாமி திட்டவில்லை. அவர் யாரையும் திட்டுகிறவர் அல்ல. அடுத்த வருஷம் ஆபீஸ் அனிதா பொட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மூக்கம்மாள் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அன்றைக்கே முடித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை, சாம்பிள் கொண்டுபோகிற வேனில் சரவணக்குமாரும் நாகஜோதியும் கோயமுத்தூருக்குக் கிளம்பினார்கள். சரவணக்குமார் மெர்ச்சண்டைசர். பகலெல்லாம் ஆர்டர் தருகிற வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்புவான், சாயங்காலம் கிட்டார் வாசிப்பான். அவனிடம் இரண்டு பெடல் இருந்தன. தையல் மெஷின் பெடலைப்போல இதையும் காலால்தான் மிதிக்க வேண்டும். ஒன்று மிதித்தால் கிட்டாரின் குரலைக் கரகரப்பாக்கும். மற்றது எதிரொலி தரும், அதற்கு டிலே என்று பேர். கிட்டாரிலிருந்து வயர் பெடலுக்குப் போய், அங்கிருந்து ஆம்ப்புக்குப் போகும். அந்த வயர்களை மாட்டுவதும் கழற்றுவதும் நாகஜோதி. இயற்பியல் படித்தவள் என்பதால் அவளுக்குத் தெரியும் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அவளும் மறுத்துச் சொன்னதில்லை.

கடையில் இரண்டு ஆம்ப்பை எடுத்து வைத்தார்கள். ஒன்று இடுப்புயரம், இரண்டு ஸ்பீக்கர், உள்ளேயே குரலை மாற்றும் பதினாறு வகை எஃபெக்ட், சிவப்பு விளக்கு. மற்றது பாதிகூட இல்லை. ஒரே ஸ்பீக்கர், ஆறு திருகு, அலங்காரம் எதுவும் கிடையாது. சரவணக்குமாரின் கண் பெரியதை விட்டு நகரவில்லை.

"ஸ்டேஜுல வெச்சா கெத்தா இருக்குமுங்க," என்றான்.

நாகஜோதி இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். எது சற்றுக் கூடுதலாகச் சத்தம் போடுகிறதோ அதுதான் காதுக்கு நல்லதாகப் படும். லேபில் இரண்டு துணியின் ஷேடு ஒன்றுதானா என்று பார்க்க இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் வைப்பாள். இதுவும் அப்படித்தான். முதலில் பெடல் எதுவும் இல்லாமல் வாசிக்கச் சொன்னாள். பிறகு ஆம்ப்புகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

பாதி திருகியதுமே பெரியது தானாக உறுமத் தொடங்கியது. அதன்மேல் கரகரப்புப் பெடலை மிதித்தபோது எந்த நரம்பு எது என்றே தெரியவில்லை. டிலேயையும் சேர்த்ததும் எல்லாம் குழைந்துபோனது. சின்னது முக்கால் பங்கு திருகியும் தெளிவாக நின்றது. பெடலை மிதித்தால் பெடலின் குரல் கேட்டது. காலை எடுத்தால் கிட்டார் மட்டும் கேட்டது.

சரவணக்குமார் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். பெரியது ஏற்கெனவே சாயம் ஏற்றிய துணி. அதன்மேல் நாம் என்ன சாயம் முக்கினாலும் அது நம் நிறமாக வராது. பெடலுக்கு வெள்ளைத் துணிதான் வேண்டும்.

அது அவனுக்கு உடனே புரிந்தது. நாள்தோறும் சாயப் பட்டறைக்காரர்களோடு ஷேடுக்காகச் சண்டை போடுகிறவன்.

கடைக்காரர் சின்னதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே மூன்று துளைகள். அவற்றில் இரண்டின் மேலே அனுப்பு, திரும்பு என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. டிலே பெடலை இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் எதிரொலி இன்னும் சுத்தமாக வரும் என்றார். பிறகு மூன்றாவதைத் தொட்டார்.

"இது வெளி ஸ்பீக்கருக்குப் போறதுங்க. இதுல பெடலை மாட்டிராதீங்க. பெடலும் போயிரும், ஷார்ட்டாகி ஆம்ப்பும் போயிரும்."

"அப்படி எவனுங்க மாட்டுவான்?" என்று சரவணக்குமார் சிரித்தான்.

நாகஜோதி அந்த எழுத்துகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். தகட்டில் வெட்டிய எழுத்து. நகத்தால் சுரண்டினாலும் போகாது. பழைய ஆம்ப்பில் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். அது எப்போதோ தேய்ந்து, பின்பக்கம் பெயரில்லாத இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. போன வருஷம் பூஜைக்கு முந்தின நாள் அவள் பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்திருந்தாள். டிலேயை ஆம்ப்பின் பின்பக்கத் துளைகளில் மாட்ட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த இரண்டும் அவைதான் என்று இவள் நினைத்துக்கொண்டாள். அவை வெளி ஸ்பீக்கருக்குப் போகிறவை. மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். லேபில் மீட்டர் இருந்தது. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆம்ப்பின் பின்னால் குனிந்து வயரைச் சொருகினாள். அது பாதி போய் எங்கோ தட்டியது. தண்ணீர் தெளித்த மூக்கம்மாள் அப்போது வேன் பக்கம் போயிருந்தாள். பிளாஸ்டிக் தீய்கிற வாடை வந்ததும் நாகஜோதி வயரை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டாள். யாரோ மூக்கம்மாள் பேரைச் சொன்னார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மறுநாள் பேசுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த வயர் இன்னும் அவள் கைப்பையில் இருக்கிறது. அதன் முனை கறுத்திருக்கும். தூக்கிப்போடவும் முடியவில்லை, யாரிடமும் காட்டவும் முடியவில்லை.

சின்னதையே எடுத்தார்கள். வேனில் திரும்பும்போது, தான் இதைத் தேர்ந்தெடுத்தது நல்ல குரலுக்காகவா, அழியாத எழுத்துக்காகவா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அவிநாசி தாண்டும்போது சரவணக்குமாரிடம் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினாள். ஜன்னலைச் சாத்தட்டுமா என்று அவன் கேட்டான். சரிங்க என்றாள்.

மாலை ஆறு மணிக்கு மூக்கம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். மூக்கம்மாள் பைக்குள் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னத்தா என்று கேட்டாள். நாகஜோதி கொஞ்சம் புளி இருக்கிறதா என்று கேட்டாள். மூக்கம்மாள் ஒரு உருண்டை கொடுத்தாள். வீட்டில் அம்மா அதைப் பார்த்துவிட்டு, டப்பா நிறையப் புளி இருக்கும்போது கடன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாகஜோதி அந்தப் புளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மெஷின்கள் நின்றுவிட்டன. மூக்கம்மாள் காலையிலிருந்து குனிந்து ஒவ்வொன்றின் அடியிலும் பஞ்சுத் தூசியை எடுத்தாள். ஒரு எண்ணெய்ப் பிசுக்கு விடவில்லை. நாலரை மணிக்கு அனிதா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அவளுக்குக் கை பழகவில்லை. ஒரு மெஷினில் பொட்டு பெரிதாகவும் ஒன்றில் வழிந்தும் இருந்தது. மூக்கம்மாள் தூரத்திலிருந்து அதைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தாள்.

புது ஆம்ப்பை ஒரு ஸ்டூலின் மேல் வைத்து, தலையிலிருந்து கால்வரை பாலிதீன் கவர் போட்டு மூடியிருந்தார்கள். ஆறுச்சாமி வேட்டியும் துண்டுமாக வந்தார். ஆம்ப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, கடையில பெரிய பொட்டி இருந்துச்சாமா. இத எதுக்குப் புடிச்சே?"

வெள்ளைத் துணி, சாயத் துணி என்று நாகஜோதி மறுபடியும் சொன்னாள். பாதி வாய்க்குள்ளேயே போனது. மீதியைச் சரவணக்குமார் அவளுக்காகச் சொன்னான், அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டதையும் சேர்த்து. ஆறுச்சாமி தலையாட்டினார். அவர் முகத்தில் தெரிந்த மதிப்பு அவளை என்னவோ செய்தது. நிற்கிற இடம் சூடாகிவிட்டதுபோல் கால் மாற்றி நின்றாள்.

அனிதா கிண்ணத்தோடு ஸ்டூல் அருகே வந்தாள். ஆறுச்சாமி கையை நீட்டித் தடுத்தார். இதற்கு மட்டும் சந்தனம் வேண்டாம், மூடியே இருக்கட்டும் என்றார். யாரோ பின்னாலிருந்து, மூக்கம்மா கேட்டைத் தாண்டுற வரைக்குமாவது மூடி வைங்க என்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். கேட்டருகே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த மூக்கம்மாள் நிமிரவில்லை.

ஆறுச்சாமி சிரிக்கவில்லை. ஏதோ யோசனையாக நாகஜோதியைப் பார்த்தார்.

"நீ சயின்ஸ் படிச்ச புள்ள. நீயே சொல்லு கண்ணு. சந்தனம் பட்டா இதும் போயிருமா?"

அவளுக்குத் தெரிந்த கேள்விதான். நெற்றியில் வைக்கிற அளவு சந்தனம் முன்பக்கத் துணியைத் தாண்டி உள்ளே போகாது. மாவிலையில் தெளிக்கிற நாலு சொட்டும் போகாது.

"போகாதுங்க," என்றாள்.

"போன வருசம் போச்சே, கண்ணு."

நாகஜோதி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். வயர் அடியில் இருந்தது. அதை எடுத்து ஆறுச்சாமியின் முன் நீட்டினாள். கறுத்த முனை அவள் விரல்களுக்கு வெளியே ஆடியது. ஏதோ சொன்னாள்.

"என்ன கண்ணு?" என்று அவர் காதைக் கொடுத்தார்.

மூக்கம்மாள் கேட்டின் கொக்கியை எடுத்துவிட்டாள். நாகஜோதி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாழ்க்கையில் அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதில்லை.

"சந்தனத்தாலயும் போகலீங்க, அத்தை கையாலயும் போகலீங்க. ஸ்பீக்கருக்குப் போற துளையில இந்த வயரைச் சொருகி ஆம்ப்பை எரிச்சது நான்தானுங்க."