ஆறாவது உறை

இராஜேஸ்வரிக்கு நுனி நாக்கில் அமுது, அடி நாக்கில் நஞ்சு. அவள் மகன் கஜீவன் போன வருடம் சுவிஸில், பாடன் நகரில் என் மகள் தர்மிகாவைப் பதிவுத் திருமணம் செய்தான். சாதி குறைந்த பெண் என்று இராஜேஸ்வரி ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்தாளாம். பிறகு சிரித்துக்கொண்டு வந்து என்னைச் சம்பந்தி என்றாள். மகள் வாழ்வது அந்த வீட்டில். நானும் சிரித்தேன்.

பீல் ஏரிக்கரையில் அவர்கள் ஐம்பது வருடப் பழைய கேரவன் ஒன்று வாங்கினார்கள். இருக்கைகளின் ஸ்பொஞ்ச் தொட்டால் மாவாக உதிர்ந்தது. பூப்போட்ட திரைகள் முழுக்கப் பூஞ்சணம்.

"ஜெயமலர், நீங்கள் நல்லாத் தைக்கிறனீங்கள்தானே. எல்லா உறைக்கும் சிப் வையுங்கோ. கழட்டித் தோய்க்க லேசு."

மகளுக்காகச் சும்மாவே, இழுத்துத் திறக்கிற சிப் வைத்துத் தைத்தேன். ஒரு சனிக்கிழமை ஆறு மெத்தைகளையும் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு, கதவோரத்து மெத்தையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன்.

மறுநாள் நான் தைத்த புதுத் திரைகளோடு போனால், மரத்தில் கட்டிய கயிற்றில் ஒரேயொரு உறை தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கதவோரத்து உறை. ஞாயிற்றுக்கிழமை தோய்த்தால் சுவிஸ்காரன் ஏசுவான் என்று பயந்து சாகிறவள் இராஜேஸ்வரி. அவளுக்குத் திங்கள்வரை பொறுக்க முடியவில்லை.

"தேத்தண்ணி ஊத்துப்பட்டதோ?"

"இல்லை, தூசி," என்றாள், ஏரியைப் பார்த்துக்கொண்டு. மற்ற ஐந்திலும் தூசி படவில்லையாம்.

உள்ளே தர்மிகா மட்டும் நின்றாள். கஜீவனுக்கு அன்று வேலை. அவள் கைவிரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"நீயோ தோய்ச்சனீ?"

"ஓம் அம்மா. வீட்டிலை சோபா உறையும் நான்தான். நான் இருந்தாலும் தோய்க்கச் சொல்லுவா. கஜீவனுக்குத் தெரியாது. சண்டை வரும் எண்டுதான் உங்களுக்கும் சொல்லேல்லை."

தான் உட்கார்ந்த இடத்தை என் பிள்ளையே கழுவுகிறாள். அதற்குச் சிப் வைத்துக் கொடுத்தவள் நான்.

தையல் பெட்டியைத் திறந்தேன். ஐந்து உறைகளிலும் சிப்பின் பிடியைக் குறட்டால் பிடுங்கி எறிந்துவிட்டு, தடித்த நூலால் வாயைத் தைத்து மூடினேன்.

இராஜேஸ்வரி ஓடி வந்தாள். "என்ன வேலை பாக்கிறீங்கள்?"

"இனிக் கழட்டேலாது. வெட்டத்தான் வேணும். வெட்டினால், ஏன் வெட்டினதெண்டு உங்கடை மகன் கேப்பான்."

"உங்கடை புத்தியைக் காட்டிப்போட்டீங்கள் என்ன?"

"ஓம். நீங்கள் உங்கடையைத் தோய்ச்சுக் காயப்போட்டிருக்கிறியள்."

ஐந்து மெத்தைகளிலும் ஒவ்வொன்றாக நன்றாக அமர்ந்து எழும்பினேன். திரைகளைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். உள்ளே நடப்பது ஊருக்கே தெரியட்டும்.

தர்மிகா வெளியே போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கயிற்றிலிருந்த உறையை உருவி வந்து, ஈரத்தோடு ஸ்பொஞ்சில் மாட்டி, என் மடியில் போட்டாள்.

"இதையும் தையுங்கோ அம்மா."

தைத்து முடித்தேன். அவள் அதைக் கதவோரத்தில் வைத்து, மாமியின் முகத்தைப் பார்த்தபடி ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.