அப்புத்துரை வாசித்த இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்

அனலைதீவில் புகையிலைத் தோட்டம் செய்த அப்புத்துரைக்கு நாற்பத்திரண்டு வயது. கையெழுத்துப் போடுவார். பேப்பர் கிடைத்தால் மழை வருமா என்று போட்டிருக்கும் மூலையை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார். அதற்கு மேல் எழுத்தோடு அவருக்குப் பகையுமில்லை, உறவுமில்லை. இப்படிப்பட்டவரைத்தான் 1975ஆம் ஆண்டின் சிறந்த வாசகராக ஊர் வாசிகசாலை தெரிவு செய்தது.

செய்தி கொண்டுவந்தவர் வாசிகசாலைத் தலைவர் கனகசபாபதி, வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர்.

"ஒரு வருசத்திலை இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகம்! நீர் லேசுப்பட்ட ஆளில்லைக் காணும். ஞாயிற்றுக்கிழமை சர்வதேச மகளிர் ஆண்டு விழாவிலை பரிசு தாறம். பத்து நிமிசம் பேசவும் வேணும்."

அவர் படலையைத் தாண்டும்வரை இளித்துக்கொண்டு நின்ற அப்புத்துரை, ஒரே ஓட்டமாகக் குசினிக்குள் போனார். அங்கே தங்கை விமலாம்பிகை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை.

"எடியே, என்ரை பேரிலை என்ன செய்து வைச்சிருக்கிறாய்?"

வாசிகசாலையில் பெண்களுக்கு அங்கத்துவம் கிடையாது. வீட்டு ஆண்பிள்ளையின் அட்டையைக் கொண்டுபோய், அவருக்கென்று சொல்லித்தான் புத்தகம் எடுக்கலாம். விமலாம்பிகை எடுத்தது அண்ணனின் அட்டையில்.

"அவ்வளவையும் நீயோ வாசிச்சனீ?"

"எல்லாம் நானில்லை அண்ணை," என்றாள் அவள் தேங்காயைப் பார்த்துக்கொண்டு.

மற்றவர்கள் யாரென்று கேட்கும் பொறுமை அவருக்கு இல்லை. "என்னாலை ஏலாது. காய்ச்சலெண்டு சொல்லிவிடு."

"வராட்டி ஆர் வாசிச்சதெண்டு கிண்டி அட்டையைப் பறிச்சுப்போடுவினம். அதோடை, அண்டைக்கு அன்னபூரணம் அக்காவுக்குப் பொன்னாடை போத்துவினம். நீங்கள் வராமல் விடலாமே?"

அதைக் கேட்டதும் அப்புத்துரை, மேடையில் பேச நாலு வசனம் சொல்லித் தரச் சொன்னார். அன்னபூரணம் அந்தத் தீவின் மருத்துவிச்சி. விமலாம்பிகைக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்தபோது, பெண்பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பமாட்டேன் என்று தகப்பன் ஒற்றைக் காலில் நின்றார். அன்னபூரணம் கைப்பையோடு வந்து, அவருடைய சாய்மனைக் கதிரையில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய இடமில்லாமல் வளவெல்லாம் சுற்றிய தகப்பன், மூன்று மணிக்குச் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேடையில் ஏழு ஆண்கள், நடுவில் அன்னபூரணம். 'பெண்மையைப் போற்றுவோம்' என்று ஆறு பேர் பேசி முடித்தார்கள். போற்றப்பட்ட பெண்களில் பாதிப்பேர் மண்டபத்தின் பின்பக்கம் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்கள். அன்னபூரணத்தைப் பற்றிப் பேச விமலாம்பிகை கேட்டிருந்தாள். பேச்சாளர் நிரம்பிவிட்டார்கள், கோலத்தை நீர் பாரும் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

பிறகு அவர் அப்புத்துரையை மேடைக்கு அழைத்து, பதிவேட்டை விரித்தார்.

"தோட்டத்துக்குள்ளை நிண்டுகொண்டு இந்த மனிசன் வாசிச்சதைக் கேளுங்கோ. 'கம்பளிப் பின்னல் பழகுவோம்'." கொஞ்சம் தயங்கினார். "'கர்ப்பிணிகளுக்கு நூறு யோசனைகள்', நாலு தரம்."

"அப்புத்துரை அண்ணை, இப்ப எத்தினை மாசம்?" என்று கூட்டத்துக்குள் ஒரு குரல். மண்டபம் அதிர்ந்தது. ஆண்களைவிடப் பின்பக்கத்துப் பெண்களே அதிகம் சிரித்தார்கள்.

"'பெண்களின் சீதனச் சொத்தும் சட்டமும்', ஒன்பது தரம்..."

தலைவரின் குரல் அத்தோடு நின்றது. போன கிழமைதான் அவருடைய மனைவி சிவயோகம், தன் சீதனக் காணியைத் தன்னைக் கேட்காமல் ஏன் குத்தகைக்குக் கொடுத்தீர்கள் என்று சட்டம் பேசியிருந்தாள். இந்தக் கதை எங்கிருந்து வந்ததென்று அவர் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். இப்போது பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். சிவயோகம் தேத்தண்ணீர்க் கேத்திலை இறக்கி வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

அப்புத்துரை ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றார். பாடமாக்கி வந்த ஒரு வசனமும் மறந்துபோனது.

"நான் ஒண்டும் வாசிக்கேல்லை," என்றார். "என்ரை தங்கச்சி வாசிச்சவள். மிச்சம் ஆரார் எண்டு இப்பதான் எனக்கும் விளங்குது. பரிசை அவையளுக்குக் குடுங்கோ. நான் போறன், தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கவேணும்."

"நில்லும் தம்பி," என்று அன்னபூரணம் எழுந்தார். "அந்தக் கர்ப்பிணிப் புத்தகம் நான் எடுப்பிச்சது. தலைவர், பொன்னாடையை மடிச்சு வையுங்கோ. எனக்கு ஒரு அட்டை தாங்கோ, போதும். இந்தப் பெண்டுகளுக்கும் தாங்கோ."

"அதுக்குப் பொதுக்கூட்டம் கூட்டவேணும் அம்மா..."

"இப்ப கூடியிருக்கிறது என்ன, மாட்டுச் சந்தையே?"

பின்பக்கத்தில் வடைத் தட்டங்களை மூடும் சத்தம் கேட்டது. தேத்தண்ணீர் வரப்போவதில்லை என்பது எல்லா ஆண்களுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. முதலில் ஒரு கை உயர்ந்தது. பிறகு பத்து. கடைசியாக, மனைவியின் பக்கம் பார்க்காமல், தலைவரும் கையைத் தூக்கினார்.

முதல் அட்டையை அன்னபூரணம் வாங்கினார். இரண்டாவதை வாங்கிய விமலாம்பிகை, யாரையும் கேட்காமல் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கலாசாலைக்குப் போன அண்டைக்கு நான் வள்ளத்திலை ஏறாமல் திரும்பி ஓடப் பார்த்தனான்," என்றாள். "பயம். ஒருத்தருக்கும் தெரியாது. அக்கா துறையிலை என்ரை பெட்டியைத் தூக்கி வள்ளத்துக்குள்ளை எறிஞ்சுபோட்டுச் சொன்னவா, பெட்டி போகுது, நீயும் போ எண்டு."

அப்புத்துரைக்கு அது புதுச் செய்தி. அன்றைக்குத் துறைக்குக் கூடப் போனவர் அவர். வெற்றிலை வாங்கப் போன ஐந்து நிமிடத்தில் இவ்வளவும் நடந்திருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் பலமாகக் கைதட்டினார். பேச்சு முடிந்துவிட்டதாக்கும் என்று மண்டபம் முழுவதும் சேர்ந்து தட்டியது.

"அண்ணை, நான் இன்னும் தொடங்கவேயில்லை," என்றாள் விமலாம்பிகை.